காலை வாருவது வேறு, காலை இழுப்பது வேறு

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். நிபோங் திபால் பக்கம் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளி, போலிடெக்னிக் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மேலாளர், இணையக் கூட்டத்தில் இவருடைய அறிக்கை பற்றிப் பேச்சு வந்தபோது ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்றாராம். இவர் இரவெல்லாம் கண் விழித்து அறிக்கையை முடித்து மறுநாள் கொண்டுபோனால், அதை யாரும் கேட்கவே இல்லை. அதற்கு முந்தைய மாதம் ஒரு பிரிட்டிஷ் பொறியாளர், எல்லார் முன்னாலும் இவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே ‘ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்’ என்றார். ‘என் காலை வாரியதை என்னிடமே சொல்லிச் சிரிக்கிறாரே’ என்று இவருக்கு மனம் விட்டுப்போய்விட்டது. இரண்டு மாதமாக அவரோடு சரியாகப் பேசுவதில்லை. கேள்வி இதுதான்: “டீச்சர், ஒரு தொடரை அப்படியே எடுத்துக்கொள்வதா, வேறு பொருள் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பட்டியலை எடுத்து மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா?”

முப்பது வருடம் பினாங்கிலும் செபராங் பிறையிலும் ஆங்கிலம் கற்பித்தவள் நான். பட்டியல் போதாது. ஏன் போதாது என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த ‘டேபிள்’. தம்பி, நீங்கள் புரிந்துகொண்டது தவறே இல்லை. நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் ‘டேபிள்’ செய்யப்படுகிறது. மலாயில் பெந்தாங் என்போம், தமிழில் தாக்கல் செய்வது என்போம். மேசைமேல் வைத்து விவாதத்துக்குக் கொண்டுவருவது என்று பொருள். இது பிரிட்டிஷ் வழக்கு, நமக்கு அங்கிருந்து வந்தது. அமெரிக்கர்களும் மேசையில்தான் வைக்கிறார்கள், ஆனால் ‘இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுவோம்’ என்று வைக்கிறார்கள். ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பொருள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு விஷயத்தை அவசரமாக ‘டேபிள்’ செய்யவேண்டும் என்று சொல்ல, அமெரிக்க அதிகாரிகள் கூடவே கூடாது என்று மறுக்க, நீண்ட நேரம் சூடாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் ஒன்றையே விரும்புகிறார்கள் என்று தெரிந்ததாம். சர்ச்சில் தம் போர்க்கால வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கிறது. அந்த இரவுத் தூக்கம் போனதற்காக உங்கள் ஆங்கிலத்தைக் குறைவாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது காலுக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

பாடப்புத்தகங்கள் எப்போதும் விசித்திரமான தொடர்களையே முன்னால் வைக்கும். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்பது மாதிரி. அவற்றால் யாருக்கும் ஆபத்து இல்லை. வானத்திலிருந்து நாய் விழாது என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பொருள் புரியாவிட்டாலும், ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்றாவது அது நின்று யோசிக்கும். மனிதரை ஏமாற்றுகிறவை இரண்டு வகை. ஒன்று, நம் மொழியிலும் அதே படம் இருந்து, பொருள் மட்டும் வேறாக இருப்பது. இன்னொன்று, தொடர் என்றே தோன்றாத அளவுக்குச் சாதாரணமாக இருப்பது. நீங்கள் விழுந்தது முதல் வகையில்.

ஆங்கிலேயர் ‘காலை இழுப்பது’ விளையாட்டுக்குப் பொய் சொல்லிச் சீண்டுவது. பெரும்பாலும் அதில் நட்பு இருக்கும், பிடிக்காத ஆளிடம் யாரும் அந்த விளையாட்டுக்குப் போகமாட்டார்கள். நாம் ‘காலை வாருவது’ நம்பினவனை முக்கியமான நேரத்தில் கவிழ்ப்பது. இப்போது பேச்சில் சிலர் கிண்டலுக்கும் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் நம் பக்கம் வளர்ந்தவருக்கு முதலில் தைப்பது துரோகம்தான். படம் ஒன்றாக இருந்ததால் நீங்கள் சந்தேகப்படவே இல்லை. தெரிந்த முகம் என்று கதவைத் திறந்துவிட்டீர்கள்.

இந்த மாதிரி இன்னும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒருவர் ‘என் சொல்லை நானே தின்றேன்’ என்றால், தான் சொன்னது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். அதாவது ‘ஈட் மை வர்ட்ஸ்’. தமிழில் சொல்லை மென்று முழுங்குகிறவன் எதையோ சொல்ல வந்து சொல்லாமல் தயங்குகிறவன். என் பழைய மாணவி ஒருத்தி, தன் மேலதிகாரி இப்படிச் சொன்னதைக் கேட்டு, அவர் எதையோ மறைக்கிறார் என்று ஒரு வாரம் மனத்தைக் குழப்பிக்கொண்டாள். பாவம், அந்த மனிதர் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

மலாய் நமக்குத் தெரியும் என்பதால் பினாங்குத் தமிழருக்கு இங்கே கூடுதலாக ஒரு ஜன்னல் இருக்கிறது. ‘அவனுக்குக் கை நீளம்’ என்று தமிழில் சொன்னால் திருட்டுப் பழக்கம் என்று அர்த்தம். மலாயிலும் ‘பஞ்சாங் தாங்ஙான்’ அதே நீளமான கை, அதே திருட்டு. ஆங்கிலத்திலோ நீண்ட கை சட்டத்துக்குத்தான் உண்டு, எவ்வளவு தூரம் ஓடினாலும் பிடித்துவிடும் என்பதற்காக. திருடனுக்கு அங்கே விரல் லேசாக இருக்கும். கையெழுத்து மோசமாக இருந்தால் மட்டும் மூன்று மொழியும் கோழியைத்தான் கூப்பிடுகின்றன. நம் கோழிக் கிறுக்கல், மலாயின் ‘சக்கார் ஆயாம்’, ஆங்கிலத்தின் ‘சிக்கன் ஸ்க்ராட்ச்’. ஆகையால் படம் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது, இருக்காது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

சரி, இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று மலைக்காதீர்கள். இந்தத் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாசி கண்டார் கடையில் நின்று ‘பஞ்சிர்’ என்கிறீர்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். யாரும் மணல் மூட்டை தேடி ஓடுவதில்லை, கறிக்குழம்பைச் சோற்றின்மேல் தாராளமாக ஊற்றுகிறார்கள். ‘தே ஓ கொசோங்’ என்கிறீர்கள். கொசோங் என்றால் காலி. காலிக் குவளை வருவதில்லை, சர்க்கரை இல்லாத தேநீர் வருகிறது. கண்டார் என்ற சொல்லே தோளில் தடி வைத்து இரு பக்கமும் சுமப்பதைக் குறிக்கும், நம் காவடி போல. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் கறியையும் அப்படித்தான் சுமந்து விற்றார்கள். இன்று யாரும் சுமப்பதில்லை, பெயர் மட்டும் நிற்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்கிறோம், திரும்பி வர ஒரு வருடம் ஆகும் என்றாலும். சீன அண்டை வீட்டுக்காரர் ஹொக்கியனில் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டால் அவர் நமக்குச் சோறு போடப்போகிறார் என்று நினைப்பதில்லை. நான்கு மொழிக்கு நடுவில் வளர்ந்த காது இது. ஆங்கிலம் பேசும்போது மட்டும் அதை மூடி வைத்துவிட்டு, அகராதியை நம்பிப் போகிறோம். தேர்வுக்காகப் படித்த மொழி என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு விடைதான் இருக்கும் என்று பழகிவிட்டோம்.

கண்டுபிடிக்க ஒரு வழி கேட்டீர்கள். நான் வகுப்பில் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். தமிழிலிருந்தே தொடங்குவோம்.

‘அவன் கம்பி நீட்டினான்’ என்றால் ஓடிவிட்டான். ‘அவன் கம்பியை நீட்டினான்’ என்றால்? கையில் உண்மையாகவே ஒரு கம்பி இருக்கிறது. ‘கடுக்காய் கொடுத்தான்’ என்றால் ஏமாற்றினான். ‘கடுக்காயைக் கொடுத்தான்’ என்றால் நாட்டுமருந்துக் கடைக்காரர். ‘கையைக் கழுவினான்’ என்றால் சாப்பிட்டு முடித்தான், ‘அந்த விஷயத்தைக் கை கழுவினான்’ என்றால் இனிமேல் அதைத் தொடமாட்டான். ஒரே ஓர் ஐ உருபு வந்து உட்கார்ந்ததும் மரபுத்தொடர் கலைந்து வெறும் செயலாகிவிடுகிறது. எல்லாவற்றிலும் ஐ தான் எதிரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘காலை வாரினான்’ என்பதில் ஐ இருந்தாகவேண்டும். அங்கே ‘கால்களை வாரினான்’ என்று பன்மையாக்கினால் கலைந்துவிடும். ஒவ்வொரு தொடருக்கும் ஒரு பூட்டு உண்டு, எந்த இடத்தில் என்பதுதான் மாறும். நன்னூல் மரபுக்குச் சொல்லும் இலக்கணமும் இதுவே: எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படிப் பெரியவர்கள் சொன்னார்களோ, அப்படியே சொல்வது.

ஆங்கிலத்தில் அந்தப் பூட்டு பெரும்பாலும் சின்னச் சொற்களில் இருக்கிறது, ‘எ’, ‘த’ என்று நாம் அலட்சியமாகத் தாண்டிப் போகும் சொற்களில். ‘இன் ஹாட் வாட்டர்’ என்றால் ஒருவர் சிக்கலில் மாட்டிக்கொண்டார். ‘இன் த ஹாட் வாட்டர்’ என்றால் அவர் குளிக்கிறார், அல்லது முட்டை வேகிறது. ‘டேக் ப்ளேஸ்’ என்றால் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. ‘டேக் யுவர் ப்ளேஸ்’ என்றால் போய் உங்கள் இடத்தில் நில்லுங்கள். ‘கிக் த பக்கெட்’ என்றால் செத்துப்போவது, ‘கிக் எ பக்கெட்’ என்றால் வாளியை உதைப்பது. உங்கள் பொறியாளர் சொன்னதிலும் பாருங்கள், லெக் என்று ஒருமையில் சொன்னார். லெக்ஸ் என்று பன்மையில் சொல்லியிருந்தால் அது உண்மையிலேயே கால்களைப் பிடித்து இழுப்பது. சாதாரண வாக்கியத்தில் வரவேண்டிய சின்னச் சொல் காணாமல் போயிருந்தால், அல்லது காரணமில்லாமல் வந்திருந்தால், அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள்.

இரண்டாவது வகையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, தொடர் என்றே தெரியாதவை. அலுவலகத்தில் அதிகம் காயப்படுத்துவது இவைதான். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்கினால் அவர் எதற்கும் பயப்படவில்லை, ‘இல்லை’ என்பதைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்ல வருகிறார். ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ என்றால் அடுத்து வருவது மறுப்பு. மரியாதை என்ற சொல் காதில் விழுந்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. ‘யூ மைட் வாண்ட் டு செக் திஸ்’ என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னால், உங்கள் விருப்பத்தை அவர் கேட்கவில்லை. சரிபாருங்கள் என்கிறார். ‘கால் இட் எ டே’ என்றால் நாள் முடிந்துவிட வேண்டும் என்பதில்லை, காலை பதினொரு மணிக்கும் சொல்லலாம். கையில் இருக்கும் வேலையை இத்தோடு நிறுத்துவோம் என்பதுதான் அது.

‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்’ என்று ஒருவர் நாற்காலியைக் காட்டிக் கேட்டால் நம்மவர்கள் நல்ல மனத்தோடு ‘யெஸ், யெஸ்’ என்பார்கள். கேட்டவர் தயங்கி நிற்பார். ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா’ என்பது கேள்வி. ‘ஆமாம், உண்டு’ என்று விடை சொல்லியிருக்கிறோம்! இங்கே ‘நோ’ சொல்வதுதான் அன்பு.

பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான பிளவு இங்கேயும் உண்டு. பயிற்சிக் காலத்தில் என் பாடத்திட்டத்தைப் பார்த்த பிரிட்டிஷ் விரிவுரையாளர் ஓரத்தில் ‘க்வைட் குட்’ என்று எழுதினார். மிக நன்று என்று எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லையும் திருத்தாமல் அதையே மறுபடி கொடுத்தேன். பிரிட்டிஷ் வழக்கில் அந்த ‘க்வைட்’ நல்லதைக் கொஞ்சம் குறைக்கிறது, ‘பரவாயில்லை’ என்கிற அளவு. அமெரிக்கர் எழுதியிருந்தால் நான் மகிழ்ந்தது சரியாக இருந்திருக்கும். உங்கள் தொழிற்சாலையில் இருவருமே இருப்பதால் யார் சொன்னார் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றிலும் மறைபொருள் தேடாதீர்கள், முக்கியமாக உற்பத்திக் கூடத்தில். மின்னஞ்சலில் ‘எ ஹெட்ஸ்-அப்’ என்று வந்தால் முன்கூட்டியே ஒரு தகவல் என்று பொருள், பொறுமையாகப் படிக்கலாம். அதையே கூடத்தில் யாராவது ‘ஹெட்ஸ் அப்!’ என்று கத்தினால் மேலிருந்து ஏதோ வருகிறது, உடனே விலகவேண்டும். ‘வாட்ச் யுவர் ஸ்டெப்’ என்று மேலாளர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் நடத்தையைப் பற்றிய எச்சரிக்கை. படிக்கட்டுப் பக்கம் பலகையில் எழுதியிருந்தால் காலைப் பார்த்து வையுங்கள்.

இந்தத் தொடர்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது நினைவில் நிற்க உதவும், எனக்கும் அதில் மிகுந்த ஆசை. ஆங்கிலேயர் கடலோடிகள், அதனால் பாதிப் பேச்சு கப்பலில் பிறந்தது. திடுக்கிட்டுப் போவதை ‘டேக்கன் அபேக்’ என்பார்கள். எதிர்க்காற்று பாயைப் பாய்மரத்தோடு சேர்த்துப் பின்னால் அழுத்தி, ஓடுகிற கப்பலைச் சட்டென்று நிறுத்திவிடுவதற்கான சொல் அது. நம் துறைமுக ஊரிலும் அப்படி ஒன்று தங்கியிருக்கிறது. காரைப் பின்னால் எடுக்கச் சொல்லும்போது ‘கோஸ்தான்’ என்கிறோமே, அது ‘கோ அஸ்டெர்ன்’ என்ற கப்பல் கட்டளை. கப்பலைப் பின்னால் செலுத்து என்று பொருள். ஆனால் இணையத்தில் சுற்றும் மூலக்கதைகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். கூரை வேய்ந்த வைக்கோலில் பூனையும் நாயும் தூங்கும், மழையில் வழுக்கி விழும், அதனால்தான் பூனை நாய் மழை வந்தது என்று ஒரு கதை உண்டு. மொழி ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. 1738இல் ஜோனதன் ஸ்விஃப்ட் வெளியிட்ட உரையாடல் நூலிலேயே அந்தத் தொடர் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

அப்புறம் உங்கள் பட்டியல் கேள்வி. தமிழ்ப்பள்ளியில் மொழியணி என்று மரபுத்தொடரும் இணைமொழியும் உவமைத்தொடரும் மனப்பாடம் செய்து வந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன், என் தமிழ் அதில்தான் வளர்ந்தது. ஆனால் பட்டியல் பொருளைச் சொல்லுமே தவிர இடத்தைச் சொல்லாது. புகுமுக வகுப்பில் என்னிடம் படித்த பையன் ஒருவன், ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதினான். தாத்தா ‘கிக்ட் த பக்கெட்’ ஆகிவிட்டார், மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று. பட்டியலில் ‘இறந்துபோதல்’ என்று போட்டிருந்தது, அவனும் ஆசையாகப் பயன்படுத்தினான். தாத்தா மண்டையைப் போட்டுவிட்டார் என்று தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அதுவும். சக ஆசிரியர் ஒருவர் கோபப்பட்டார். பையனோ தாத்தாவை நினைத்து அழுதுகொண்டிருந்தான். அன்றிலிருந்து பொருளை மட்டும் போட்ட பட்டியலை நான் வகுப்பில் கொடுப்பதில்லை.

பட்டியலுக்குப் பதிலாக ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட தொடரை முழு வாக்கியமாக, சின்னச் சொல் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். பக்கத்தில் யார் யாரிடம் சொன்னார் என்றும், சொன்ன பிறகு அங்கே என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ‘டேபிள்’ என்று சொன்ன மேலாளர் அடுத்த நொடியே வேறு தலைப்புக்குப் போயிருப்பார், கவனித்துப் பார்த்தால் உங்களுக்கே நினைவு வரும். பொருள் அங்கே கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ‘அப்படி என்றால் என்ன’ என்று சொல்லின் பொருளைக் கேட்டால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், அவருக்கும் விளக்கத் தெரியாது. நீங்கள் செய்யவேண்டியதைக் கேளுங்கள். ‘அப்படியானால் நாளைக்கு இது தயாராக இருக்கவேண்டுமா, வேண்டாமா’ என்று. இதில் ஆங்கிலம் தெரியாதவர் என்ற எண்ணம் யாருக்கும் வராது, வேலையில் கவனமானவர் என்றுதான் தோன்றும். உங்கள் தூக்கமும் மிஞ்சும்.

அந்தப் பொறியாளர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு மாதமாக நீங்கள் முகம் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் தெரியாமல் அவரும் குழம்பிப்போயிருப்பார். ஒரு மதியம் அவரை நாசி கண்டார் சாப்பிடக் கூட்டிப்போங்கள். தமிழில் காலை வாருவது என்றால் என்ன என்று சொல்லுங்கள், அன்று உங்களுக்கு எப்படி வலித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தட்டுக்கும் நீங்களே ‘பஞ்சிர்’ சொல்லிவிடுங்கள்.